சீனப் பெயர், சொல், எழுத்து: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது, தமிழ்ச் செய்திகளில் 'மோடி – ஜின்பிங்' என்ற தலைப்பு அடிக்கடி வந்தது. இதில் 'மோடி' குடும்பப் பெயர். 'ஜின்பிங்' பெற்றோர் இட்ட பெயர். சீனர்கள் பார்வையில் அது 'நரேந்திரா – ஷி' என்று எழுதியதற்குச் சமம். அதிபரின் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும் 'ஷி'தான். சில இடங்களில் அதையும் 'ஜி' என்று எழுதி, எக்ஸ் என்ற ரோமன் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தார்கள்.

சீன நிறுவனங்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர்கள், அங்கே படிக்கப் போகும் மாணவர்கள், செய்தி மொழிபெயர்ப்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். ரோமன் எழுத்தில் இருப்பதையே பெயர் என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். ரோமன் வடிவம் வெறும் ஒலிக்குறிப்பு. உண்மையான பெயர் சீன எழுத்தில் இருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஓர் அசை, அந்த அசைக்குப் பெரும்பாலும் தனக்கென ஒரு பொருள் என்று மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இந்தக் கட்டு கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எளிதாகப் பிடிபடும்.

குடும்பப் பெயரைப் பிரித்தெடுப்பது

குடும்பப் பெயர் முதலில் வரும். அது பெரும்பாலும் ஓர் அசை. இட்ட பெயர் பின்னால் ஓர் அசையாகவோ இரண்டு அசையாகவோ வரும். தமிழில் 'மாசேதுங்' என்று சேர்த்தே எழுதிப் பழகிவிட்டதால் அதில் 'மாவ்' தனி, 'ட்சேதுங்' தனி என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருடைய தம்பிகள் பெயர் மாவ் ட்சேமின், மாவ் ட்சேதான். நடுவில் வரும் 'ட்சே' தலைமுறை அசை. ஒரே தலைமுறையில் பிறந்த உடன்பிறப்புகளும் பங்காளிப் பிள்ளைகளும் அதைப் பகிர்ந்துகொள்வது பழைய வழக்கம். இப்போது நகரங்களில் குறைந்துவிட்டது.

பெயர்ப் பட்டியல் ஒன்று கைக்கு வந்தால் இப்படிப் பாருங்கள். 'ஒன்று + இரண்டு' என்று அசைகள் பிரிந்திருந்தால் ஒற்றை அசைதான் குடும்பப் பெயர், அது முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி. ஆங்கில ஆய்விதழ்களில் வரிசையைத் திருப்பிப் போடுவது உண்டு என்பதால் இடத்தை நம்பாமல் அசையை எண்ண வேண்டும். யாவ் மிங், லி நா போல இரண்டும் ஒற்றை அசையாக இருந்தால் எண்ணிப் பயனில்லை. எந்தப் பகுதி முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குடும்பப் பெயரை அப்படி எழுதும் வழக்கம் உண்டு. அதுவும் இல்லையென்றால் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுவிடலாம். 'உங்கள் குடும்பப் பெயர் எது' என்று கேட்பது சீனாவில் மரியாதையான முதல் கேள்விதான். ஓயாங், ஸிமா, ஜுகெ போன்ற ஈரசைக் குடும்பப் பெயர்களும் இருக்கின்றன, ஆனால் அரிது.

வாங், லி, ஜாங், லியூ, சென் என்ற ஐந்து குடும்பப் பெயர்களுக்குள் மட்டும் ஏறத்தாழ 10ல் 3 பேர் அடங்கிவிடுகிறார்கள். வெறும் 'வாங்' என்று தொலைபேசியில் எண்ணைச் சேமித்து வைத்தால் ஆறு மாதத்தில் நான்கு வாங்குகள் சேர்ந்துவிடுவார்கள். முழுப் பெயரையும் நிறுவனத்தையும் சேர்த்தே சேமியுங்கள்.

திருமணமான பெண்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. ஷி ஜின்பிங்கின் மனைவி பெங் லியுவான். அவரை 'திருமதி ஷி' என்று எழுதினால் தவறு. ஹாங்காங்கில் மட்டும் சில பெண்கள் கணவர் குடும்பப் பெயரை முன்னால் சேர்ப்பார்கள். முன்னாள் தலைமை நிர்வாகி கேரி லாமின் முழுப் பெயர் கேரி லாம் செங் யுயெட்-ங்கோர். இதில் லாம் கணவருடையது, செங் அவருடையது.

நம்மிடம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது பெருமை. அங்கே முன்னோர் பெயரில் உள்ள எழுத்தைப் பிள்ளைக்கு வைப்பது மரியாதைக் குறைவு. அதனால் 'யார் நினைவாக இந்தப் பெயர்' என்று கேட்காதீர்கள். 'எந்த எழுத்து, என்ன பொருள்' என்று கேட்டால் ஆர்வத்தோடு விளக்குவார்கள்.

எந்த ஊர் எழுத்துக்கூட்டல் என்று பார்ப்பது

ஒரே சீன எழுத்தைப் பொதுச் சீனமான மாண்டரினில் ஒரு மாதிரியும், தென் சீன வட்டார மொழிகளான கான்டனீஸில் ஒரு மாதிரியும் ஹொக்கியனில் ஒரு மாதிரியும் ஒலிப்பார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இது அன்றாடம் பார்க்கும் விஷயம். மாண்டரினில் 'சென்' என்பது கான்டனீஸில் 'சான்', ஹொக்கியனில் 'டான்'. மூன்றும் ஒரே எழுத்து, ஒரே குடும்பப் பெயர். அதேபோல லின் – லாம் – லிம். ட்சாய் – சோய் – சுவா. ஜெங் – செங் – டே.

சிக்கல் எதிர்த்திசையிலும் வரும். கான்டனீஸ் 'வோங்' என்பது மாண்டரினில் 'வாங்' ஆகவும் இருக்கலாம், 'ஹுவாங்' ஆகவும் இருக்கலாம். அவை வெவ்வேறு குடும்பங்கள். ரோமனில் என், ஜி என்று இரண்டே எழுத்தில் எழுதும் 'ங்' கான்டனீஸ்காரராக இருந்தால் 'வூ', ஹொக்கியன்காரராக இருந்தால் 'ஹுவாங்'. ரோமன் வடிவத்தை வைத்து மாண்டரின் பெயரை ஊகித்து எழுதவே கூடாது என்பதற்கு இந்த ஒன்று போதும். சீன எழுத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் மேற்கத்தியப் பெயரும் சேர்ந்தால் குடும்பப் பெயர் நடுவில் போய் உட்காரும். பிரதமர் லாரன்ஸ் வோங்கின் முழுப் பெயர் லாரன்ஸ் வோங் ஷியுன் சாய். அகரவரிசையில் 'வோங்' என்ற இடத்தில்தான் அவர் வர வேண்டும். சீன நாளிதழ்களில் அவர் ஹுவாங் ஷுன்ட்சாய். லீ குவான் யூ அங்கே லி குவாங்யாவ். தைவானில் பழைய எழுத்துக்கூட்டல்தான் இன்னும் பரவலாக இருக்கிறது, இட்ட பெயரின் இரண்டு அசைகளுக்கும் நடுவே இணைப்புக்கோடு வரும்: சாய் இங்-வென். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எது இட்ட பெயர் என்று தெரிந்துவிடும்.

விளிப்பது

பட்டமும் உறவுச்சொல்லும் பெயருக்குப் பின்னால் வரும். 'குமார் சார்', 'செல்வி அக்கா' என்று சொல்லும் நமக்கு இது இயல்பானது. வாங் ஷியென்ஷெங் (ஐயா), வாங் லாவ்ஷி (ஆசிரியர்), வாங் ஜிங்லி (மேலாளர்) என்று குடும்பப் பெயரோடு பதவியைச் சேர்த்தால் போதும். இட்ட பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் உரியது. தெரியாத நேரத்தில் முழுப் பெயரையும் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பின்யின் படிப்பது

சீனாவில் ரோமன் எழுத்துக்கு ஒரே முறைதான்: 1958ல் சட்டபூர்வமாக ஏற்கப்பட்ட பின்யின். அதன் எழுத்துகள் ஆங்கில ஒலிகளைக் குறிப்பதில்லை. இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஆங்கிலக்காரரைவிட நல்ல தொடக்கம் கிடைக்கிறது.

பின்யினில் பி, டி, ஜி (b, d, g) என்ற மூன்று மெய்களும் தொண்டை அதிரச் சொல்லும் அதிர்வொலிகள் அல்ல. 'பல்', 'கல்' என்று சொல்லும்போது சொல் முதலில் வரும் ப, க ஒலிகள் எப்படி இருக்கின்றனவோ, ஏறத்தாழ அப்படியே. ரோமனில் பீ, டீ, கே (p, t, k) என்று தனியாக உள்ள மற்ற மூன்றும் அதே இடத்தில் பிறந்து மூச்சை வேகமாக வெளியே தள்ளுபவை. ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சோதியுங்கள். முதல் வகையில் தாள் அசையக் கூடாது, இரண்டாம் வகையில் துடிக்க வேண்டும். இந்திய ஆங்கிலத்தில் இந்த மூச்சு அநேகமாக வராது என்பதால் அதைத் தனியாகப் பழக வேண்டும். பழகாவிட்டால் நாம் சொல்லும் இரண்டும் சீனர் காதில் ஒன்றாகவே விழும்.

ஜே என்ற எழுத்து 'பச்சை'யில் வரும் ச்ச. கியூ அதே ஒலி, மூச்சோடு. எக்ஸ், நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துச் சொல்லும் ஷ. இசட்-ஹெச், சி-ஹெச், எஸ்-ஹெச் மூன்றுக்கும் நாக்கு 'ட' சொல்லும் இடத்துக்கு மடங்க வேண்டும். ஆர், நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். ஆங்கில ஆர் போலவோ நம் ரகரம் போலவோ சொல்ல வேண்டாம். தனி சி என்பது மூச்சோடு கூடிய 'த்ஸ'. இதனால்தான் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு குடும்பப் பெயர் 'ட்சாய்', 'காய்' அல்ல.

உயிரெழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. எஸ், சி, இசட் வரிசையிலும் அவற்றின் ஹெச் சேர்ந்த வடிவங்களிலும் வரும் ஐ, 'இ' அல்ல. 'காசு', 'பத்து' ஆகியவற்றின் இறுதியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் அதற்கு நல்ல தோராயம். ஆங்கிலம் வழி படிப்பவர்கள் இந்த ஒலிக்காகத் திண்டாடுவார்கள். நமக்கு அது வாயிலேயே இருக்கிறது. ஜே, கியூ, எக்ஸ், ஒய் இவற்றுக்குப் பின் வரும் யு வேறு: 'ஈ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். அதே ஒலி எல், என் இரண்டுக்கும் பின் வரும்போது மேலே இரட்டைப்புள்ளி இட்டு எழுதுவார்கள். விசைப்பலகையில் அதற்கு வி எழுத்தைத் தட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒய்-யு என்று எழுதுகிறார்கள். ஆகவே 'ல்யூ' என்ற குடும்பப் பெயருள்ள ஒருவருடைய ஆவணங்கள் எல்-வி, எல்-யு, எல்-ஒய்-யு என்று மூன்று விதமாக இருக்கலாம். ஆள் மாறாட்டம் என்று பயப்பட வேண்டாம்.

தொனி

ஓர் அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம்தான் தொனி. அதை விட்டுவிட்டால் மாண்டரினில் ஏறக்குறைய 400 அசைகள்தான். தொனியோடு 1,200க்கும் மேல். குரலின் உயரத்தை 1 முதல் 5 வரை படிகளாக வைத்தால் முதல் தொனி 55 (5லேயே நிற்கும்), இரண்டாவது 35 (3லிருந்து 5க்கு ஏறும்), மூன்றாவது 214 (2லிருந்து 1க்கு இறங்கி 4க்கு ஏறும்), நான்காவது 51 (5லிருந்து 1க்கு விழும்). இவை தவிர அழுத்தமில்லாத இலேசான ஒன்று உண்டு. தொடர்ந்து பேசும்போது மூன்றாவது தொனி பெரும்பாலும் கீழேயே நின்றுவிடும், மேலே ஏறாது. பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல் ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் இறங்கி ஏறினால் பேச்சு நொண்டும். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும். 'நி ஹாவ்' என்ற வணக்கமே அப்படித்தான்.

'மாய்' மூன்றாம் தொனியில் வாங்கு, நான்காம் தொனியில் விற்பனை செய். எழுத்திலும் 'வாங்கு' என்பதன் தலையில் கூட்டல் குறி போன்ற ஒரு துண்டைச் சேர்த்தால் 'விற்பனை செய்'. விலை பேசும் இடத்தில் இதைவிட முக்கியமான வேறுபாடு இல்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மாகாணங்களின் பெயர் 'ஷான்ஷி'தான். முதல் அசையின் தொனி மட்டும் வேறு. ரோமனில் குழப்பம் வராதிருக்க, மூன்றாம் தொனி உள்ளதற்கு ஏ எழுத்தை இரண்டு முறை போடுகிறார்கள். ஷி'ஆன் நகரம் அந்த இரட்டை ஏ மாகாணத்தில் இருக்கிறது. ஷி'ஆனில் உள்ள மேற்கோள் புள்ளி அது இரண்டு அசை என்று காட்டுவதற்கு. புள்ளியை விட்டால் 'ஷியென்' என்ற ஓரசையாகிவிடும்.

பெரும்பாலும் எல்லாரும் செய்யும் பிழை, கேள்வி கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியில் குரலை உயர்த்துவது. அது கடைசிச் சொல்லின் தொனியை அழித்துவிடும். கேள்விக்கு 'மா' என்ற துகளைக் கடைசியில் சேர்த்தால் போதும், நம் 'ஆ' மாதிரி.

சொல் கட்டுவது

சொற்கள் பெரும்பாலும் இரண்டு எழுத்து சேர்ந்தவை. 'தியென்' என்றால் மின்சாரம். அதோடு பேச்சு சேர்ந்தால் தொலைபேசி, மூளை சேர்ந்தால் கணினி, நிழல் சேர்ந்தால் திரைப்படம், ஏணி சேர்ந்தால் லிஃப்ட். 'ஹுவோ' நெருப்பு, அதோடு வண்டி சேர்ந்தால் ரயில், மலை சேர்ந்தால் எரிமலை. திசை நான்கும் (துங் கிழக்கு, ஷி மேற்கு, நான் தெற்கு, பெய் வடக்கு) தெரிந்தால் வரைபடத்தில் பாதி திறந்துவிடும். பெய்ஜிங் வட தலைநகர், நான்ஜிங் தென் தலைநகர், ஹெபெய் ஆற்றுக்கு வடக்கு, ஹெநான் ஆற்றுக்குத் தெற்கு.

வினைச்சொல் மாறவே மாறாது. நான், நீ, அவர்கள், நேற்று, நாளை எதுவானாலும் அதே வடிவம். செயல் முடிந்ததைக் காட்ட 'ல' என்ற துகள் வரும். அதை இறந்தகால விகுதி என்று எண்ணி எல்லா இடத்திலும் ஒட்டுவது தவறு. 'நேற்று போகவில்லை' என்பதற்கு 'மெய்' என்ற எதிர்மறை போதும், 'ல' வராது. பொருளை எண்ணும்போது எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே அளவுச்சொல் வேண்டும். 'மூன்று பேர்' என்பதில் 'பேர்' செய்யும் வேலை அது. புத்தகத்துக்கு 'பென்', தாள், டிக்கெட், மேசைக்கு 'ஜாங்', ஆறு, சாலை, மீனுக்கு 'தியாவ்', வண்டிக்கு 'லியாங்'. தெரியாவிட்டால் 'க' போட்டுச் சமாளிக்கலாம். அளவுச்சொல்லுக்கு முன் இரண்டு என்பது 'அர்' அல்ல, 'லியாங்'.

எண்ணில் கவனம் தேவை, பணம் போய்விடும். சீனத்தில் 10,000 'வான்' என்ற தனி அலகு, 10 கோடி 'யி' என்ற தனி அலகு. ஒரு லட்சம் 10 வான், ஒரு கோடி 1,000 வான். விலைப்பட்டியலில் '35 வான்' என்றால் மூன்றரை லட்சம். தேதி, முகவரி இரண்டுக்கும் பெயருக்குள்ள அதே வரிசை, பெரியதிலிருந்து சிறியதற்கு: ஆண்டு, மாதம், நாள், மாகாணம், நகரம், தெரு, கதவு எண். மாதங்களுக்குப் பெயர் இல்லை, 'ஒன்று மாதம்' முதல் 'பன்னிரண்டு மாதம்' வரை எண்தான்.

எழுத்து

2013ல் சீன அரசு வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அதில் அன்றாடத்துக்கான முதல் நிலை 3,500. எல்லாமே படம் என்று நினைத்து மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் 200க்குள் களைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான எழுத்துகள் படம் அல்ல. பொருளைக் காட்டும் ஒரு பகுதி, ஒலியைக் காட்டும் ஒரு பகுதி என்று இரண்டு சேர்ந்தவை.

நெருங்கிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. 'சிங்' என்று ஒலிக்கும், நீலமும் பச்சையும் கலந்த நிறத்தைக் குறிக்கும் எழுத்து வலப்பக்கம் நிற்கிறது. இடப்பக்கம் மூன்று நீர்த்துளி வந்தால் 'தெளிந்த', சூரியன் வந்தால் 'மேகமற்ற வானம்', பேச்சு வந்தால் 'தயவுசெய்து', இதயம் வந்தால் 'உணர்வு', கண் வந்தால் 'கண்மணி'. முதல் நான்கும் 'சிங்', தொனி மட்டும் மாறும். கடைசியானது 'ஜிங்' என்று சற்று விலகிவிட்டது. ஒலிப்பகுதி வழி காட்டும், ஆனால் முழுக்க நம்ப முடியாது என்பதையும் இந்த ஐந்தே சொல்லிவிடுகின்றன. எழுத்துகளை இப்படிக் குடும்பமாகப் படியுங்கள், பட்டியலாக அல்ல.

கோடு எண்ணத் தெரியாமல் அகராதி பார்க்க முடியாது. வாய் என்ற எழுத்து ஒரு சதுரம். பார்க்க நான்கு கோடு, உண்மையில் மூன்று: இடப்பக்கம் கீழ்நோக்கி ஒன்று, மேலும் வலமும் கை எடுக்காமல் மடக்கி ஒன்று, அடிக்கோடு ஒன்று. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக்கோட்டுக்குப் பின் நெடுங்கோடு, பெட்டியானால் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுக் கடைசியில் மூடுவது என்ற ஒழுங்கைத் தொடக்கத்திலேயே கைக்குப் பழக்குங்கள். எல்லா எழுத்தும் ஒரே அளவு சதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் கட்டம் போட்ட தாளில் எழுதுவது நல்லது.

நதியைக் குறிக்கும் 'ஹ' என்ற எழுத்தை அகராதியில் தேடுவோம். இடப்பக்கம் மூன்று நீர்த்துளி. தலைப்பகுதி (எழுத்தின் பொருளைக் காட்டும் பகுதி) அட்டவணையில் மூன்று கோட்டு வரிசையில் அதைக் கண்டுபிடித்து, பக்க எண்ணுக்குப் போகவும். அங்கே மீதிக் கோடுகளின் எண்ணிக்கைப்படி எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும். வலப்பகுதியில் ஐந்து கோடு. ஐந்தின் கீழ் பார்த்தால் கிடைத்துவிடும். நான்கிலும் ஆறிலும் தேடிக்கொண்டிருந்தால் மடக்குக் கோட்டைத் தவறாக எண்ணியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கோட்டின் நீளமும் பொருளை மாற்றும். கூட்டல் குறியும் அதன் அடியில் ஒரு கோடும்: அடிக்கோடு நீண்டால் மண், மேற்கோடு நீண்டால் அறிஞர். மரம் என்ற எழுத்தின் மேல் ஒரு கோடு: அது குட்டையானால் 'இன்னும் இல்லை', நீண்டால் 'இறுதி'. அச்சில் இவற்றைச் சரிபார்க்கும்போது உருப்பெருக்கிப் பாருங்கள்.

சீனா, சிங்கப்பூர், மலேசியாவில் எளிமையாக்கிய எழுத்து. தைவான், ஹாங்காங், மக்காவில் மரபெழுத்து. குதிரை முன்னதில் மூன்று கோடு, பின்னதில் பத்து. முதலில் எதைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதை மட்டும் படியுங்கள். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலப்பது கவனக்குறைவாகத் தெரியும்.

தமிழ்ப் பெயரைச் சீனத்தில் எழுதுவது

வேற்றுமொழிப் பெயரை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் நெருங்கிய ஒலியுள்ள எழுத்தைப் போடுவார்கள். தமிழ் 'தாய்-மி-அர்', சென்னை 'ஜின்-நாய்'. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) காஞ்சிபுரத்தை 'ஜியென்-ஜி-பு-லுவோ' என்று எழுதியதும் இதே முறைதான். மெய்யில் முடியும் அசைகள் சீனத்தில் பெரும்பாலும் ன், ங் இரண்டோடு நின்றுவிடுவதால் 'முருகேசன்', 'கார்த்திக்' போன்ற பெயர்கள் நீளும். இரு பகுதிப் பெயர்களுக்கு நடுவே உயரத்தில் ஒரு புள்ளி வரும். எழுத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பொருள் இருப்பதால் விபரீதமாக அமைந்துவிடக்கூடும். படித்த சீனர் ஒருவரிடம் கேட்டு, இரண்டு அல்லது மூன்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் 'ஷிங்' என்ற கட்டம் குடும்பப் பெயருக்கு, 'மிங்' இட்ட பெயருக்கு. தகப்பனார் பெயரை இனிஷியலாக வைத்திருக்கும் நமக்கு இங்கேதான் இழுபறி. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே அப்படியே எழுதுங்கள். இனிஷியலை விரித்திருந்தால் விரித்தே, இடைவெளி இருந்தால் இடைவெளியோடு. ரயில் டிக்கெட் பாஸ்போர்ட் பெயரிலும் எண்ணிலும்தான் பதிவாகிறது. வங்கிக் கணக்கு, விடுதிப் பதிவு, செல்பேசி எண் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஓரிடத்தில் வரிசை மாறினால் இன்னோரிடத்தில் இயந்திரம் ஏற்காது. சீனப் பெயரை அறிமுக அட்டையில் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.